சாட்சியத்தைத் திருத்தலாமா?

ஒருவர் தம் கண்ணால் கண்டு தம் கையால் எழுதிவைத்துப் போன ஒன்றை, அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், அந்த இடத்தில் நின்றறியாத வேறொருவர் எடுத்துத் திருத்துவது தருமமாகுமா? சாட்சியின் வாக்குமூலத்தில் கைவைப்பதைச் சட்டம் குற்றமென்கிறது. கல்வெட்டின் எழுத்தைச் செதுக்கி மாற்றுவதை அறிவுடையோர் யாரும் ஒப்பமாட்டார்கள். பத்திரத்தில் ஓர் எண்ணை அடித்தெழுதினால் பக்கத்தில் கையொப்பமிட்டாலன்றி அது செல்லாது. அப்படியிருக்க, உலகத்தின் பல பாகங்களிலும் சென்ற ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் நாள் தவறாமல் உஷ்ணமானியைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துவைத்த எண்களை இன்றைய வானிலை ஆராய்ச்சியாளர் எடுத்து, ஓரிடத்தில் அரை டிகிரி கூட்டியும் வேறோரிடத்தில் முக்கால் டிகிரி குறைத்தும், அவ்வாறு திருத்திய எண்களைக் கொண்டே பூமியின் உஷ்ணம் உயர்ந்து வருகிறதென்று கூறுகிறார்கள் என்பதை முதன்முதலாகக் கேள்விப்படும் எவருக்கும், 'இது என்ன நியாயம்?' என்று மனம் துணுக்குறுவது இயல்பே. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சத்தியத்தின்மேல் பற்றுள்ள நெஞ்சிலேதான் அத்தகைய கலக்கம் பிறக்கும். ஆனால் கலக்கத்தோடு நின்றுவிடுவது சத்தியத்திற்குச் செய்யும் தொண்டாகாது. விஷயம் வானிலை சாஸ்திரத்தைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், அதன் அடியில் கிடப்பது, உள்ளதை உள்ளவாறு அறிவது எப்படி என்ற மிகப் பழைய தத்துவ விசாரமே.

நியூசிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அந்நகரின் உஷ்ணமானி 1927-ஆம் ஆண்டின் இறுதிவரை, தார்ண்டன் என்ற கடலோரப் பகுதியில், கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருந்தது. 1928 முதல் கெல்பர்ன் என்ற குன்றின்மேல், 125 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கினார்கள். இரண்டு இடங்களிலும் சில காலம் ஒருசேர அளந்து ஒத்துப்பார்க்கும் ஏற்பாடு நடைபெறவில்லை. ஒரு பதிவேடு மூடப்பட்டது, மற்றொன்று திறக்கப்பட்டது, இரண்டின் மேலும் வெல்லிங்டன் என்ற ஒரே பெயர். உயரம் ஏற ஏறக் காற்று குளிரும் என்பதும், அக்குளிர்ச்சி ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி என்பதும் மாணவர் படிக்கும் பாடம். அந்தக் கணக்கின்படி 122 மீட்டருக்கு 0.8 டிகிரி வருகிறது. பிற்காலத்தில் அந்நகரின் விமான நிலையத்தில், தார்ண்டனைப் போலவே கடல் மட்டத்தை ஒட்டி வைக்கப்பட்ட மானியையும் குன்றின்மேலுள்ள மானியையும் ஒரே காலத்தில் பார்த்து ஒப்பிட்டபோது, அவற்றிடையே நின்ற வித்தியாசமும் ஏறக்குறைய அதே 0.8 டிகிரியாக இருந்தது. ஆகவே தார்ண்டனின் பழைய எண்களையும் கெல்பர்னின் புதிய எண்களையும் உள்ளபடியே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பார்ப்பவருக்கு, 1928-இல் வெல்லிங்டன் நகரம் திடீரென்று குளிர்ந்துபோனதாகத் தோன்றும். நூறாண்டுகளில் மெல்ல மெல்ல ஏறிய வெப்பத்தின் பெரும்பகுதியை அந்தத் தோற்றக் குளிர்ச்சி விழுங்கிவிடும். மானி குன்றேறிய செய்தி எண்களுக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கோடைக்கால மாலைகளில் நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி, மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி என்று செய்தியில் இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்டுப் பழகிய சென்னைவாசிக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. கடற்காற்று உள்ளே புகுந்து எட்டுவதற்குள் மீனம்பாக்கம் சற்று அதிகமாகவே காய்ந்துவிடுவது வழக்கம். ஒருநாள் நுங்கம்பாக்கத்தை மூடிவிட்டு, மறுநாள் முதல் மீனம்பாக்கத்து எண்ணையே 'சென்னை' என்ற தலைப்பின்கீழ் எழுதி வந்தால், நூறாண்டு கழித்து அப்பதிவேட்டைப் புரட்டும் நம் கொள்ளுப்பேரன், அந்த ஆண்டில் சென்னைக்கு என்னவோ நேர்ந்துவிட்டதென்றே எண்ணுவான். எழுதியவர் ஒருவரும் பொய் சொல்லவில்லை, எழுத்தெல்லாம் மெய், ஆயினும் தொகுத்துப் படிப்பவனுக்கு அது பொய்யையே உரைக்கும். பொய்யன் ஒருவன் இல்லாமலே பொய் உண்டாகக்கூடும் என்ற இந்த நிலைமையே சிந்திக்கத்தக்கது.

நம் முன்னோர் இதனைச் சிந்தியாமல் விடவில்லை. இறைவனைப் பற்றியும் உயிரைப் பற்றியும் பேசப் புகுமுன், அறிவதற்குரிய கருவிகளை முதலில் ஆராய வேண்டும் என்று கொண்டு, அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையிலிருந்தே தொடங்குகிறார். காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுக்கும் சைவ சித்தாந்திகள் காட்சியைக் கண்மூடித்தனமாக நம்பியவர்களல்லர். ஐயக்காட்சி என்றும் திரிவுக்காட்சி என்றும் அதன் குற்றங்களைப் பெயரிட்டுப் பிரித்து, மாசற்ற காட்சியையே பிரமாணமாகக் கொண்டார்கள். வடமொழித் தருக்க நூல்களில் திரும்பத் திரும்ப வரும் திருஷ்டாந்தம் ஒன்றுண்டு: பித்தநோய் கொண்டவனுக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. அவன் பொய்யனல்லன், மஞ்சளாகத் தெரிகிறது என்று அவன் சொல்வது சத்தியம், சங்கு மஞ்சள் நிறமுடையது என்று அதிலிருந்து நாம் முடிவு கட்டினால்தான் அது பிழை. அவனுடைய நோயை அறிந்த வைத்தியன், அவன் வாக்கை மறுக்காமலே அதிலிருந்து சங்கின் உண்மை நிறத்தை எடுத்துக்கொள்கிறான்.

பதிவேட்டில் உள்ள ஓர் எண்ணும் இத்தகையதே. 'இந்த இடத்தில், இந்தப் பெட்டிக்குள், இந்த நேரத்தில், இந்த மானி இவ்வளவு காட்டியது' என்பதே அந்த எண்ணின் முழுப்பொருள். அந்தப் பொருளில் அது என்றைக்கும் உண்மை. அதனை அழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் நாம் அதனிடம் சென்று கேட்பது வேறு கேள்வி. 'இந்தத் தேசத்தின் காற்று நூறு ஆண்டுகளில் எவ்வளவு மாறிற்று?' என்கிறோம். அந்தக் கேள்விக்கு விடையாக எழுதிவைக்கிறோம் என்ற எண்ணம் அன்று எழுதியவருக்கு இருந்ததேயில்லை. நாளை மழை வருமா, பயிருக்குப் பனி விழுமா என்பதே அவருடைய கவலை. அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு, அதனை அப்படியே விட்டுவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுவது பெரும் மயக்கம். வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் நடுவுநிலைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்ததை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். வாய்மை சாட்சி சொல்பவனின் கடமை. பல சாட்சிகளையும் கேட்டு, அவரவர் நின்ற இடத்தையும் பார்த்த கோணத்தையும் சீர்தூக்கி உண்மையைத் துணிவது நடுவுநிலை நிற்பவனின் கடமை. முன்னதைச் செய்து முடித்தவர் போய்விட்டார். பின்னதைச் செய்யாமல் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

இடம் மாறுவதாவது கண்ணுக்குத் தெரியும் காரணம். நேரம் மாறுவதால் விளையும் பிழை மிக நுட்பமானது. அதனைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய உஷ்ணப் பதிவுகளில் பெரும்பகுதி, ஊதியம் கருதாத தொண்டர்கள் தங்கள் வீட்டிலும் பண்ணையிலும் நாள்தோறும் ஒருமுறை பார்த்து எழுதியவை. அவர்களிடம் இருந்த மானி, கடைசியாகப் பார்த்த வேளையிலிருந்து எட்டிய உச்ச உஷ்ணத்தைத் தன்னிடம் நிறுத்தி வைத்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டபின் பாதரசத்தை இறக்கிவிட்டால், அது அந்த வேளையில் காற்றில் உள்ள உஷ்ணம்வரைதான் இறங்கும், அதற்குக் கீழே போகாது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அன்றைய உச்சம் 38, எழுதுகிறார், பாதரசத்தை இறக்குகிறார், வெயில் இன்னும் தணியாததால் அது 37-இல் நிற்கிறது. அன்றிரவு மேகம் கூடி, செவ்வாய்க்கிழமை முழுவதும் மழை பெய்து, பகலில் உஷ்ணம் 30-ஐத் தாண்டவேயில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர் மறுபடியும் வந்து பார்க்கும்போது மானி காட்டுவது 37. அவர் என்ன செய்வார்? கண்டதை எழுதுகிறார். சில்லென்று மழை பெய்த செவ்வாய்க்கிழமையின் கணக்கில் திங்கட்கிழமையின் வெயில் ஏறிவிடுகிறது. மாலையில் பார்ப்பவருக்கு வெயில் இருமுறை எண்ணப்படுவதுபோல, காலையில் பார்ப்பவருக்கு விடியற்காலைக் குளிர் இருமுறை எண்ணப்படும். எப்போதும் மாலையிலேயே பார்த்திருந்தாலும், எப்போதும் காலையிலேயே பார்த்திருந்தாலும், பிழை ஒரே அளவாக நின்று, ஏற்ற இறக்கத்தைக் கெடுக்காமல் இருந்திருக்கும். ஆனால் மழைமானியில் தேங்கிய நீர் பகல் வெயிலில் ஆவியாகிப் போகாமலிருக்கக் காலையில் அளப்பதே நல்லதென்று கருதப்பட்டதால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வோர் ஊராக மாலையிலிருந்து காலைக்கு மாறிற்று. அதன் பயனாக அமெரிக்கா முழுவதும், இல்லாத குளிர்ச்சி ஒன்று எண்களுக்குள் மெல்ல மெல்லப் புகுந்தது. 1986-இல் தாமஸ் கார்லும் அவருடன் இருந்தவர்களும், மணிக்கு மணி அளக்கப்பட்ட நிலையங்களின் கணக்கைக் கொண்டு, எந்த வேளையில் பார்த்தால் எவ்வளவு பிழை வரும் என்று வகுத்து வெளியிட்டார்கள். அந்தத் திருத்தம் அமெரிக்காவின் வெப்ப உயர்வை அதிகமாக்கிக் காட்டியது உண்மையே. காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் கண்டவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. காரணத்தைக் கண்டபின் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

அப்படியானால் எந்த எண்ணையும் எவரும் தம் மனம்போல் மாற்றலாமா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் மீமாம்சகர் வகுத்த நெறி நமக்குக் கைகொடுக்கிறது. ஓர் அறிவு தோன்றிய மாத்திரத்தில் அது தன்னளவிலேயே பிரமாணமாகும். அதனைத் தள்ளவேண்டுமாயின், பின்னர் வந்த வலிய அறிவு ஒன்று அதனைப் பாதிக்க வேண்டும், அல்லது அது பிறந்த காரணத்திலேயே தோஷம் இருந்ததென்று தெரியவேண்டும் என்பது குமாரில பட்டரின் கொள்கை. நையாயிகர் இதனை ஒப்பாமல், அறிவின் மெய்ம்மை வேறொன்றால்தான் நிலைபெற வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியதுண்டு. அந்த வாதத்திற்குள் நான் இப்போது புகவில்லை. பழைய பதிவேடுகளைக் கையாளும் நல்ல ஆராய்ச்சியாளன், அறிந்தோ அறியாமலோ, குமாரிலர் காட்டிய வழியிலேயே நடக்கிறான். எழுதியதை மெய்யென்றே கொள்கிறான். மானி நகர்ந்தது, அதை வைத்த பெட்டி மாறியது, வேளை மாறியது என்ற காரண தோஷம் தெரிந்தாலோ, சுற்றியுள்ள சாட்சிகள் ஒருமுகமாக மறுத்தாலோ அன்றி அவன் ஓர் எண்ணைத் தொடுவதில்லை. தனக்கு வேண்டிய முடிவு கிடைக்கவில்லை என்பது காரண தோஷமாகாது.

சுற்றியுள்ள சாட்சிகள் என்றேனே, அதிலும் ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. பலர் ஒன்று சொல்ல ஒருவர் வேறு சொன்னால், பலருடைய வார்த்தைதான் மெய்யாக வேண்டும் என்ற நியதி உண்டா? உண்மையைச் சொன்ன ஒருவனைப் பொய்யர் பலர் கூடி வாயடைத்த கதைகள் உலகத்தில் ஏராளம். ஆனால் ஆராய்ச்சியாளர் கையாளும் முறை தலை எண்ணுவதன்று. ஒரு நிலையம் அண்டை நிலையங்களைவிட அதிகமாகக் காட்டுகிறதா, குறைவாகக் காட்டுகிறதா என்பதை அவர்கள் குற்றமாகக் கொள்வதேயில்லை; பள்ளத்தாக்கில் இருப்பது ஒருவிதமாகவும் மேட்டில் இருப்பது வேறு விதமாகவும் காட்டத்தான் வேண்டும். அந்த வித்தியாசம் ஆண்டுக்காண்டு ஏறக்குறைய நிலையாக நிற்கிறதா என்பதையே பார்க்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அண்டை ஊர்களுடன் ஒரே இடைவெளியில் ஏறியும் இறங்கியும் வந்த ஒரு நிலையம், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் திடீரென்று விலகி, அதற்குப்பின் அந்த விலகலிலேயே நின்றுவிட்டதானால், வானம் அந்த ஓர் ஊருக்கு மட்டும் அந்த மாதத்தில் மாறிவிட்டதென்று கொள்ள இடமில்லை. மாற்றம் நிலையத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் தபால் நிலையத்தருகே நடந்துவந்த உஷ்ண அளவீடு 1941-இல் விமான நிலையத்திற்கு மாறியதும், மறு ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ஜப்பானியரின் குண்டு வீச்சில் அந்தத் தபால் நிலையமே அழிந்ததும் வரலாறு. அத்தகைய வரலாறுகள் எண்களுக்குள் ஒரு படிக்கட்டுபோல் வெட்டித் தெரிகின்றன.

இதனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் உழைப்பு நினைவுக்கு வருகிறது. ஏடெழுதினவன் தன் முன்னிருந்த ஏட்டைப் பார்த்து நேர்மையாகவே எழுதினான். ஆயினும் கண் தவறியது, கை தவறியது, செல்லரித்த இடத்தில் ஊகித்தான். ஐயரவர்கள் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, எது புலவன் வாக்கு, எது ஏடெழுதியவன் பிழை என்று துணிந்தார். அவர் அவ்வாறு துணிந்து திருத்தியிராவிட்டால் சீவக சிந்தாமணியையும் புறநானூற்றையும் நாம் இன்று படிக்கும் வடிவில் படித்திருக்க முடியாது. ஏட்டில் உள்ளதை மாற்றினார் என்று அவர்மேல் யார் குறை சொல்வார்? குறை சொல்ல இடமின்றிப் போனதற்குக் காரணம், தாம் கொள்ளாமல் விட்ட பாடங்களையும் அடிக்குறிப்பில் பிரதிபேதமாக அவர் காட்டிச் சென்றதுதான். படிப்பவன் தன் அறிவைக்கொண்டு அவருடைய முடிவை மறுக்கவும் அவர் வழி விட்டார். திருத்துவதற்கும் திரிப்பதற்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு இங்கேதான் கிடக்கிறது. மூலத்தை மறைத்துத் திருத்துவது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், திரிப்பேயாகும். மூலத்தை அருகிலேயே வைத்து, மாற்றியதற்குக் காரணத்தையும் எழுதித் திருத்துவது விசாரணை.

சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த அதே 1887-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர வானாராய்ச்சி நிலையத்தில் மற்றொரு பாடபேத ஆராய்ச்சி தொடங்கிற்று. அதுவரை உஷ்ணமானிகளைத் திறந்த மரத்தாங்கியில் மாட்டிவைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்த, காற்று புகும் சட்டங்கள் பொருத்திய வெள்ளைப் பெட்டி அப்போதுதான் பரவி வந்தது. அடிலெய்டில் இருந்தவர்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவில்லை; இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைத்து 1947 வரை, அறுபது ஆண்டுகள், நாள்தோறும் பார்த்து எழுதினார்கள். தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. கோடைப் பகலின் உச்சத்தில் திறந்த தாங்கியிலிருந்த மானி, பெட்டிக்குள் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி அதிகமாகக் காட்டிற்று என்பது அந்த உழைப்பினால் நமக்குக் கிடைத்த அறிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோடைகள் இன்றைய கோடைகளுக்கு இணையாகக் கொளுத்தின என்று பழைய எண்களை மட்டும் காட்டிச் சொல்பவருக்கு, அந்த அறுபதாண்டுப் பொறுமையே பதில். தான் காணப்போகாத ஒரு விடைக்காக இப்படி எழுதிவந்தவர்களைத் தபஸ்விகள் என்று சொன்னால் மிகையாகாது.

இனி, திருத்துபவனின் மனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பலனில் பற்றில்லாமல் கருமம் செய்க என்ற உபதேசத்தை நாம் பெரும்பாலும் துறவிகளுக்கு உரியதாகவே கருதிவிட்டோம். ஆராய்ச்சியாளனைப்போல் அது தேவைப்படுபவர் வேறு யாருமில்லை. திருத்தங்கள் எல்லாம் வெப்ப உயர்வைப் பெருக்கிக் காட்டவே செய்யப்பட்டவை என்ற குற்றச்சாட்டைச் சோதிக்க நல்லதோர் இடம் உண்டு, அது கடல். முற்காலத்தில் கப்பலில் இருந்தவர்கள் கடல்நீரின் உஷ்ணத்தை அறியத் துணி வாளியால் நீர் முகந்து மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். காற்றுப்பட்டு நீர் ஆவியாகிய அளவுக்கு அது குளிர்ந்தது. பின்னர் இயந்திர அறைக்குள் இழுக்கப்படும் நீரை அளக்கும் வழக்கம் வந்தது. அது அவ்வாறு குளிர்வதில்லை. ஆகவே பழைய கடல் எண்கள் உள்ளதைவிடக் குறைவு. அவற்றை உயர்த்தித் திருத்தவேண்டும் என்று கண்டார்கள், உயர்த்தினார்கள். பழங்காலம் அதிக வெப்பமுடையதாக ஆகும்போது, அன்றிலிருந்து இன்றுவரை ஏறிய அளவு குறைகிறது. பூமியின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடலாதலால், நிலத்தில் செய்த திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், திருத்திய கணக்கில் நூற்றாண்டின் மொத்த வெப்ப உயர்வு திருத்தாத கணக்கில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. தம் முடிவின் வலிமையைக் குறைக்கும் திருத்தத்தையும் அதே கையால் செய்தவர்களைப் பட்சபாதிகள் என்பது எப்படிப் பொருந்தும்?

மனிதன் தன் மனத்தை முழுவதும் நம்பக்கூடாது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினர். கணிப்பொறியில் கற்பனையான பல உலகங்களின் உஷ்ணப் பதிவுகளை உண்டாக்கி, அவற்றுள் வேண்டுமென்றே பிழைகளை ஒளித்துவைத்து, எங்கே என்ன ஒளிந்திருக்கிறதென்று சொல்லாமல் திருத்தும் முறையிடம் கொடுத்தார்கள். உண்மை எது என்பது முன்னதாகவே தெரிந்திருந்ததால் முறையின் நேர்மையை அளக்க முடிந்தது. அந்த முறை எண்களை உண்மையை நோக்கியே நகர்த்திற்று. ஆனால் பெரும்பாலும் உண்மையை முழுவதும் எட்டாமல் சற்று முன்பே நின்றுவிட்டது. மிகைப்படத் திருத்துகிறது என்ற ஐயத்திற்கு நேர்மாறான குற்றமே அதில் காணப்பட்டது.

திருத்தங்களை எதிர்த்தவர்களைப் பற்றி இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. சித்தியாரில் சுபக்கத்திற்கு முன்னால் பரபக்கம் நிற்கிறது. எதிரியின் கொள்கையை எடுத்துரைத்து விடை சொன்ன பின்பே தன் கொள்கையை நிறுவ வேண்டும் என்பது நம் சாஸ்திர மரபு. அமெரிக்க நிலையங்கள் பல, தார்ச்சாலைக்கு அருகிலும் குளிர்சாதன இயந்திரத்தின் வெப்பக்காற்று வீசும் இடத்திலும் இருக்கின்றன என்று அந்தோணி வாட்ஸ் என்பவர் 2007 முதல் தொண்டர்களைக் கொண்டு படமெடுத்துக் காட்டியது நல்ல காரியம். நிலையங்கள் அவ்வாறு இருந்தது உண்மை. அவரும் பங்கு கொண்டு 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், அந்தக் குறைகள் சராசரி உஷ்ணத்தின் நீண்டகாலப் போக்கை ஏறக்குறைய மாற்றவில்லை என்று தெரிந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ரிச்சர்ட் மல்லர் திருத்தங்களை ஐயுற்று, 2010-இல் கணக்கை முதலிலிருந்து தாமே தொடங்கினார். அவர் குழுவினர் கைக்கொண்ட வழி அழகானது: எங்கே ஒரு நிலையத்தின் தொடர் வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறதோ, அங்கே எண்ணைத் திருத்தாமல் தொடரையே இரண்டாகப் பிரித்து, இரண்டு தனி நிலையங்களாகக் கொண்டுவிட்டார்கள். ஓர் எண்ணையும் மாற்றாத அந்த வழியிலும் கிடைத்தது ஏறக்குறைய அதே வெப்ப உயர்வு. 2012-இல் மல்லர் தம் ஐயம் நீங்கியதை உலகறியச் சொன்னார். ஐயமும் நேர்மையாக இருந்தது, தெளிவும் நேர்மையாக இருந்தது.

வெல்லிங்டன் விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. ஆக்லாந்து, மாஸ்டர்டன், வெல்லிங்டன், நெல்சன், ஹோக்கிடிகா, லிங்கன், டனீடன் என்ற ஏழு ஊர்களின் பதிவுகளைத் திருத்திக் கோத்து, நூறாண்டில் 0.9 டிகிரி அளவு வெப்பம் ஏறியதாகக் காட்டிய நீவா என்ற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்தின்மேல், அத்திருத்தங்கள் முறையற்றவை என்று ஓர் அறக்கட்டளையினர் வழக்குத் தொடுத்தனர். இதற்கிடையே 2010-இல் அந்நிறுவனம் முழுத்தொடரையும் மறுபடி ஆராய்ந்து, ஊருக்கு ஓர் அறிக்கையாக, எந்த ஆண்டில் எந்தக் காரணத்தால் எவ்வளவு மாற்றினோம் என்று வெளியிட்டது. விடை ஏறக்குறைய பழைய விடையாகவே நின்றது. இடம் பெரிதும் மாறாத பதினொரு நிலையங்களைத் தனியே எடுத்துத் திருத்தமின்றிப் பார்த்தபோதும் 1931 முதல் ஏறக்குறைய ஒரு டிகிரி உயர்வே தெரிந்தது. 2012 செப்டம்பரில் நீதிபதி வென்னிங், விஞ்ஞானிகளின் துறைத் தீர்மானங்களில் நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்ற கருத்துடன் வழக்கைத் தள்ளினார். தீர்ப்பைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது அந்த ஏழு அறிக்கைகளையே. காரணத்தை வெளியே வைப்பதற்கு வழக்கு வரும்வரை எவரும் காத்திருக்கலாகாது.

மிச்சமாக ஒரு குறை உண்டு. அதனை ஒளிப்பது நேர்மையாகாது. அண்டை நிலையங்கள் எல்லாம் ஒரே காலத்தில் ஒரே விதமாக மாறிவிட்டால் ஒத்துப்பார்க்கும் முறைக்குக் கண் தெரியாது. நகரம் மெல்ல மெல்லப் பெருத்து ஊர்களையெல்லாம் ஒருசேரச் சூழ்ந்தால், வெட்டுப்பட்ட படிக்கட்டு எதுவும் எண்களில் தோன்றாது. இதற்காகவே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பல பத்தாண்டுகள் மாறாதென்று நம்பத்தக்க ஒதுக்கிடங்களைத் தேடி, நூற்றுக்கு மேற்பட்ட புதிய நிலையங்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் மும்மூன்று உஷ்ணமானிகளை வைத்தார்கள். ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். அவற்றுக்குத் திருத்தம் தேவையில்லை. 2016-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய நிலையங்களின் எண்கள் திருத்தியபின் இந்தப் புதிய நிலையங்களின் எண்களோடு முன்னைவிட நெருங்கி நின்றன. ஆனால் இந்தச் சோதனை அந்தப் புதிய நிலையங்கள் அமைந்தபின் வந்த ஆண்டுகளுக்கே பொருந்தும். கழிந்த காலத்திற்குப் புதிய நிலையம் வைக்க எவராலும் முடியாது. அங்கே நமக்குள்ள ஒரே துணை, மானியை எப்போது நகர்த்தினோம், பெட்டியை எப்போது மாற்றினோம், பக்கத்து மரத்தை எப்போது வெட்டினோம் என்று எவரோ பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு.

ஆகையால் என் வேண்டுகோள் இது. சென்னையில் 1796-ஆம் ஆண்டிலேயே வானிலைக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். மலைத்தோட்டங்களிலும் கல்லூரிகளிலும் அணைக்கட்டு அலுவலகங்களிலும் மழையையும் உஷ்ணத்தையும் குறித்த பழைய புத்தகங்கள் எங்கெங்கோ அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றின் பொறுப்பில் இருப்பவர்கள், இடம் அடைக்கிறதென்று சொல்லிப் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். எண்களைக் கணிப்பொறியில் ஏற்றியாகிவிட்டது என்ற தைரியத்திலும் போட்டுவிட வேண்டாம். ஏற்றியவர்கள் எண்களைத்தான் ஏற்றியிருப்பார்கள், ஓரத்துக் குறிப்புகளை விட்டிருப்பார்கள். இன்று மானியைப் பார்த்து எழுதுகிறவர்களும் எண்ணோடு நின்றுவிடாமல், நிலையத்தில் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு வரி எழுதிவைப்பார்களாக.